லூல்கந்துரையும் மிசிசிப்பியும்: நிலமற்றவர்களுக்கு விடுதலை என்றால் என்ன?

கண்டியிலிருந்து கலஹா, தெல்தோட்டை வழியாக மலையேறினால் லூல்கந்துர தோட்டத்துக்குப் போகலாம். இலங்கையில் வர்த்தக ரீதியாகத் தேயிலை முதலில் பயிரிடப்பட்ட இடம் அதுதான். 1867இல் ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெய்லர் அங்கே 19 ஏக்கரில் தேயிலை நட்டார் என்று பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். அவர் தங்கியிருந்த குடிலின் எச்சங்களையும், அவர் அமர்ந்து மலைகளைப் பார்த்ததாகச் சொல்லப்படும் கல் ஆசனத்தையும் காண இன்றும் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். 1892இல் டெய்லர் இறந்தபோது, தொழிலாளர்களே அவருடைய உடலைத் தோள்மாற்றிச் சுமந்து கண்டி மஹய்யாவை மயானம் வரை கொண்டுசென்றனர்.

துரையின் பெயரும் பிறந்த ஊரும் புதைத்த இடமும் நமக்குத் தெரியும். காட்டை வெட்டி அந்த 19 ஏக்கரையும் உண்டாக்கிய தமிழ்த் தொழிலாளர்களின் பெயர்கள் எந்தப் பலகையிலும் இல்லை. அவர்களின் வாரிசுகளில் பலர் இன்றும் அதே மலைகளில், தமக்குச் சொந்தமில்லாத லயன் அறைகளில்தான் வாழ்கிறார்கள்.

ஐக்கிய அமெரிக்காவின் கறுப்பின மக்கள் ‘விடுதலை’ என்ற சொல்லுக்குத் தனிமனித அளவிலும் சமூக அளவிலும் என்ன பொருள் என்று ஒன்றரை நூற்றாண்டாக விவாதித்து வருகிறார்கள். அந்த விவாதத்தைத் தெல்தோட்டை மலைகளில் வைத்துப் பார்ப்பது வலிந்து செய்யும் ஒப்பீடு போலத் தோன்றலாம். ஆனால் இரண்டு வரலாறுகளும் பிறப்பிலேயே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டவை.

ஒரு விடுதலையின் மறுபக்கம்

பிரித்தானியப் பாராளுமன்றம் 1833இல் அடிமைமுறை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 1834 ஓகஸ்ட் 1ஆம் திகதி அது நடைமுறைக்கு வந்தது. ஆயினும் ‘பயிற்சிக் காலம்’ என்ற பெயரில் கட்டாய உழைப்பு 1838 வரை தொடர்ந்தது. அரசு 2 கோடி பவுண் இழப்பீடு கொடுத்தது. அது முழுவதும் அடிமைகளை வைத்திருந்தவர்களுக்குப் போனது. விடுவிக்கப்பட்டவர்களுக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. அந்த இழப்பீட்டுக்காக வாங்கிய கடனின் இறுதிப் பகுதியைப் பிரித்தானியா 2015இல்தான் அடைத்து முடித்தது.

விடுதலையான கரீபியன் தொழிலாளர்கள் பழைய முதலாளியின் தோட்டத்தில் பழைய நிலையில் வேலை செய்ய மறுத்தார்கள். ஜமெய்க்காவின் கோப்பி உற்பத்தி சரிந்தது. அதே காலத்தில், 1835இல், இலங்கைக் கோப்பிக்கான இறக்குமதித் தீர்வையை மேற்கிந்தியக் கோப்பிக்குச் சமமாகக் குறைத்தது பிரித்தானியா. கண்டி மலைகளில் காடுகள் வேகமாக அழிந்து கோப்பித் தோட்டங்களாயின. அவற்றுக்கு வேண்டிய உழைப்பாளர்கள் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து வந்தார்கள். மன்னாரில் கரையிறங்கி, காட்டுப் பாதையில் மாத்தளை வரை நடந்தார்கள். வழியில் வாந்திபேதிக்கும் பசிக்கும் பலியானவர்கள் ஏராளம்.

ஆகவே ஓரிடத்தில் விலங்கு கழன்றபோது மூலதனம் மலிவான உழைப்பைத் தேடி இன்னொரு இடத்துக்கு நகர்ந்தது. அந்த நகர்வின் விளைவுகளில் ஒன்றுதான் மலையகத் தமிழர் என்ற சமூகம். 1869இல் தொடங்கிய கோப்பி இலை நோய் கோப்பியை அழித்த பிறகு தேயிலை அந்த இடத்துக்கு வந்தது. பயிர் மாறியது, உழைப்பின் அமைப்பு மாறவில்லை.

ஒப்பீட்டுக்கு எல்லையும் உண்டு. மலையகத் தொழிலாளர்கள் சட்டப்படி அடிமைகள் அல்லர். சந்தையில் விற்கப்படவில்லை. தாயிடமிருந்து குழந்தையைப் பிரித்து ஏலம் விடும் கொடுமை அவர்களுக்கு நேரவில்லை. அந்த வேறுபாட்டை மறைப்பது கறுப்பின மக்களின் வரலாற்றுக்குச் செய்யும் அநீதி. ஆனால் ‘சுதந்திரமான’ தொழிலாளியையும் எப்படிக் கட்டிப்போடலாம் என்பதற்குக் கங்காணிமுறை நல்ல உதாரணம். வழிச்செலவு முன்பணம் கடனாக ஏறியது. கடன் தீர்ந்ததாகச் சொல்லும் ‘துண்டு’ இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலை கிடையாது. அந்தத் துண்டுமுறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

அமெரிக்காவிலும் இதே கதை வேறு பெயரில் நடந்தது. 1865 ஜனவரியில் ஜெனரல் ஷேர்மன், விடுவிக்கப்பட்ட குடும்பங்களுக்குக் கரையோர நிலத்தில் தலா 40 ஏக்கர் வரை பகிர்ந்தளிக்க உத்தரவிட்டார். அதே ஆண்டிலேயே ஜனாதிபதி அன்ட்ரூ ஜோன்சன் அந்த நிலங்களைப் பழைய உரிமையாளர்களிடம் திருப்பிக் கொடுத்தார். நிலமின்றி விடுதலை பெற்றவர்கள் வாரத்துக்குப் பயிர்செய்பவர்களானார்கள். விதைக்கும் உணவுக்கும் முதலாளியின் கடையில் கடன், அறுவடையில் கழிவு, ஆண்டு முடிவில் மீண்டும் கடன். விடுதலைக்கு நிலம் வேண்டும் என்ற பாடத்தை அவர்கள் அன்றே கற்றுக்கொண்டார்கள்.

முல்லோயாவும் வாக்குச்சீட்டும்

தெல்தோட்டைக்கு அண்மையில் உள்ள ஹேவாஹெட்ட பகுதியில் முல்லோயா என்றொரு தோட்டம் உண்டு. அங்கே கூலி உயர்வு கோரித் தொழிலாளர்கள் போராடியபோது, 1940 ஜனவரி 10ஆம் திகதி பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி கொல்லப்பட்டார். மலையகத் தொழிற்சங்க வரலாற்றின் முதல் தியாகியாக அவர் நினைவுகூரப்படுகிறார். சம்பவத்தை விசாரிக்க ஆணைக்குழு அமைக்கப்பட்டது. கொல்வின் ஆர். டி சில்வா தொழிலாளர் தரப்பில் தோன்றி பொலிஸாரைக் குறுக்கு விசாரணை செய்தார். அதற்கு முன்பே, 1930களில், கோ. நடேசய்யரும் அவரது துணைவியார் மீனாட்சி அம்மாளும் தோட்டங்களுக்குள் சங்கத்தைக் கொண்டுசென்றிருந்தனர். எழுத வாசிக்கத் தெரியாத மக்களிடம் மீனாட்சி அம்மாள் பாட்டாகவே அரசியலைப் பேசினார்.

1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. தோட்டத் தொழிலாளியின் வாக்கு நாட்டின் அதிகாரச் சமநிலையை மாற்றக்கூடும் என்பது அப்போது வெளிப்பட்டது. அடுத்த ஆண்டே 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் போனது. குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த தமிழ்க் காங்கிரஸ் தலைமை, பின்னர் அரசாங்கத்தில் இணைந்து, அடுத்து வந்த இந்தியர் பாகிஸ்தானியர் வதிவிடச் சட்டத்துக்கு ஆதரவளித்தது. அதை எதிர்த்துப் பிரிந்த செல்வநாயகமும் அவருடன் நின்றவர்களும் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்கள். வடக்கு கிழக்கின் தமிழ்த் தேசிய அரசியலுடைய பிறப்புச் சான்றிதழில் மலையக மக்களின் பெயரும் இருக்கிறது என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

இங்கே மிசிசிப்பியைச் சேர்ந்த ஃபானி லூ ஹேமரின் வாழ்க்கையை வாசித்தால் தோட்டத்தில் பிறந்த எவருக்கும் அது அந்நியமாகத் தெரியாது. 1917இல் பிறந்தார். ஆறு வயதில் பருத்தி பறிக்கத் தொடங்கினார். 1962 ஓகஸ்ட் 31ஆம் திகதி, அயலவர்களுடன் ஒரு பஸ்ஸில் இந்தியனோலா நகருக்குப் போய் வாக்காளராகப் பதிவுசெய்ய முயன்றார். 18 ஆண்டுகள் வேலைசெய்த தோட்டத்தின் முதலாளி, விண்ணப்பத்தை மீளப்பெறாவிட்டால் வெளியேறிவிடு என்றார். அன்றிரவே அவர் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. வேலை, வீடு, வாக்கு மூன்றும் ஒரே முதலாளியின் கையில் இருந்தன. ஒன்றைக் கேட்டவர் மற்ற இரண்டையும் இழந்தார்.

மலையகத்தில் இந்த முடிச்சு இன்னும் முழுதாக அவிழவில்லை. லயன் அறை தோட்டத்தின் சொத்து. குடும்பத்தில் எவரும் தோட்டத்தில் வேலை செய்யாவிட்டால் அறையை விடச் சொல்லும் நெருக்குதல் வரும் என்ற பயம் பரவலாக உண்டு. பல இடங்களில் தனி முகவரி இல்லாததால் கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கே வந்து சேர்கின்றன. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, பிரதேச சபைகள் தோட்டப் பகுதிகளில் பணம் செலவழிப்பதற்குத் தடையாக இருந்தது. அது திருத்தப்பட்டது 2018இல்தான். அதாவது வாக்குரிமை மீண்டும் கிடைத்த பிறகும், வாக்குப் போட்டுத் தெரிவுசெய்த சபை தன் வீதியைத் திருத்தித் தர முடியாத நிலையில் பல ஆண்டுகள் கழிந்தன.

‘பேர்’ விழாத நாட்கள்

தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்துக்கு ‘ஒரு பேர்’ என்று சொல்வார்கள். நிர்ணயித்த அளவு கொழுந்து பறித்தால் பேர் விழும். குறைந்தால் அரைப்பேர். 1,000 ரூபா நாட்சம்பளத்துக்கான போராட்டம் பல ஆண்டுகள் இழுபட்டு 2021இல் வர்த்தமானியில் ஏறியது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாக உயர்ந்தது. ஆனால் மாதத்தில் எத்தனை நாள் வேலை தருவார்கள், எத்தனை கிலோவுக்குப் பேர் விழும் என்பவை நிர்வாகத்தின் கையிலேயே உள்ளன. மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபை எனப்படும் ஜனவசம போன்ற அரச நிறுவனங்களின் கீழுள்ள தோட்டங்களில் இன்னொரு பிரச்சினையும் உண்டு. தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதிப் பங்களிப்புகள் ஆண்டுக்கணக்கில் நிலுவையாக உள்ளன. வாழ்நாள் முழுவதும் பேர் போட்ட ஒரு பெண், ஓய்வுபெற்ற பின் தன் பணத்துக்காகக் கண்டிக்கும் தோட்ட அலுவலகத்துக்குமாக அலைய வேண்டியிருக்கிறது.

கொழுந்து பறிப்பவர்களில் மிகப் பெரும்பான்மையினர் பெண்கள். ஆனால் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்சம்பளம் கிடைத்தது 1984இல்தான். தொழிற்சங்கத் தலைமைகளோ இன்றுவரை பெரும்பாலும் ஆண்களிடமே உள்ளன. பெண்ணின் சந்தாப் பணத்தில் சங்கம் நடக்கிறது, மேசையில் அவளுக்கு இடமில்லை. பள்ளியை விட்டு நின்ற சிறுமிகள் கொழும்பு வீடுகளுக்கு வேலைக்கு அனுப்பப்படுகிறார்கள். 2021 ஜூலையில் டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி, வேலைசெய்த கொழும்பு வீட்டிலிருந்து தீக்காயங்களுடன் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டு இறந்தபோது நாடே அதிர்ந்தது. சில வாரங்களில் மறந்தும் போனது.

தனிமனித விடுதலை என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. படித்து ஆசிரியராவது, கொழும்பில் கடைக்குப் போவது, ஆடைத் தொழிற்சாலைக்குப் போவது, மத்திய கிழக்குக்குப் போவது என்று மலையக இளைஞர்கள் தோட்டத்தை விட்டு வெளியேறுகிறார்கள். அதைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் வெளியேறியவர்களில் பலர் ஊர் எது என்று கேட்டால் தோட்டத்தின் பெயரைச் சொல்லாமல் கிட்டிய நகரத்தின் பெயரைச் சொல்கிறார்கள். தன்னைத் தன் கண்ணாலும், தன்னை இழிவாகப் பார்ப்பவரின் கண்ணாலும் ஒரே நேரத்தில் பார்க்கும் நிலையை, கறுப்பின அறிஞர் டு போய்ஸ் 1903இலேயே ‘இரட்டை உணர்வு’ என்று விளக்கினார். ‘தோட்டக்காட்டான்’ என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த விளக்கம் தேவையில்லை.

அமெரிக்காவில் 1960களில் ‘நீக்ரோ’ என்ற சொல்லை விட்டு ‘கறுப்பர்’ என்று தம்மைத் தாமே அழைத்துக்கொண்டது பெயர் மாற்றமாக மட்டும் நின்றுவிடவில்லை. அதுவரை வசையாக இருந்த சொல்லைப் பெருமையாக மாற்றியதன் வழியே, ஒரு தனி மனிதர் தனக்குள் சுமந்த வெட்கம் பொதுவான அரசியலாயிற்று. ‘இந்தியத் தமிழர்’ என்ற அரசாங்கப் பெயரை மறுத்து ‘மலையகத் தமிழர்’ என்று சொல்வதும் அதே வகையான செயல்தான். சனத்தொகைக் கணக்கெடுப்பில் இந்த வகையினர் 1946இல் நூற்றுக்கு 11 பேருக்கு மேல். 2012இல் நூற்றுக்கு 4 பேர். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதிய சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேரை இங்கே ஏற்கவும் முடிவெடுத்தபோது, அவர்களில் எவரிடமும் விருப்பம் கேட்கவில்லை. 1974இல் எஞ்சிய 1,50,000 பேர் ஆளுக்குப் பாதியாகப் பங்கிடப்பட்டனர். நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்து பறிக்கப் போனவர்களை அங்குள்ளவர்கள் ‘சிலோன்காரர்’ என்றார்கள். இங்கே இந்தியர், அங்கே சிலோன்காரர்.

வன்னிக்கு வந்தவர்கள்

இந்தக் கட்டுரையை வாசிக்கும் பலருக்குப் போர் என்பது சொந்த அனுபவம். அந்த அனுபவத்துக்குள் மலையக மக்களும் இருக்கிறார்கள். 1977இலும் 1983இலும் தோட்டங்களில் தாக்கப்பட்டவர்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் ஓடிவந்தார்கள். காந்தியம் அமைப்பு அவர்களை எல்லைப்புறக் கிராமங்களில் குடியேற்றியது. அதன் முன்னோடிகளில் ஒருவரான மருத்துவர் இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். கிளிநொச்சியின் மலையாளபுரம், பாரதிபுரம் போன்ற கிராமங்கள் மலையகத்திலிருந்து வந்தவர்களின் வியர்வையால் உருவானவை. இடப்பெயர்வுகளிலும் இறுதிப் போரிலும் அவர்கள் மற்றவர்களுக்குக் குறையாமல் இழந்தார்கள்.

ஆனால் நீர்ப்பாசனக் காணி பெரும்பாலும் வேறு கைகளில் இருந்தது. இவர்களுக்கு மேட்டுக்காணியும், அதிலும் பலருக்கு உறுதியோ அனுமதிப்பத்திரமோ இல்லாத காணியும் கிடைத்தன. வயலில் கூலிவேலை செய்ய இவர்கள் தேவைப்பட்டார்கள். கமக்காரர் அமைப்பில், கோவில் நிர்வாகத்தில், பாடசாலை அபிவிருத்திக் குழுவில் இவர்களுக்கான இடம் எங்கே என்று கேட்டால் சங்கடமான மௌனம் நிலவும். போருக்கு முன்பும், தோட்டத்துச் சிறுவர் சிறுமியரை வீட்டுவேலைக்கு வைத்திருந்த வீடுகள் யாழ்ப்பாணத்தில் இருந்தன. இன்னும் பின்னால் போனால், இலங்கையில் அடிமைமுறை 1844இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டபோது அந்தச் சட்டம் விடுவித்தவர்களில் யாழ்ப்பாணத்தின் ஒடுக்கப்பட்ட சாதி மக்களும் இருந்தார்கள். ஒடுக்கப்பட்ட இனமாக இருப்பது நாம் வேறெவரையும் ஒடுக்கவில்லை என்பதற்குச் சான்றாகாது.

‘முதலில் இன விடுதலை, மற்றவை பிறகு’ என்ற வாதத்தை நாம் நீண்ட காலம் கேட்டோம். சாதி பிறகு, பெண் பிறகு, மலையகத்தான் பிறகு. கறுப்பின விடுதலை இயக்கத்துக்குள்ளும் இதே வாதம் இருந்தது. 1977இல் பொஸ்டனின் கொம்பாஹி ஆற்றுக் கூட்டமைப்பைச் சேர்ந்த கறுப்பினப் பெண்கள் வெளியிட்ட அறிக்கை அதற்கு எதிராக நின்றது. இனம், பால், வர்க்கம் என்ற ஒடுக்குமுறைகள் பின்னிப்பிணைந்தவை என்றும், ஒன்றை முடித்துவிட்டு மற்றதைப் பார்ப்போம் என்பது நடைமுறையில் சாத்தியமில்லை என்றும் அவர்கள் வாதிட்டார்கள். அவர்கள் சமூகத்தின் போராட்டத்தைக் கைவிடவில்லை. கறுப்பின ஆண்களுடன் சேர்ந்து இனவாதத்தை எதிர்த்தார்கள். அதே நேரத்தில் அந்த ஆண்களின் ஆதிக்கத்தையும் கேள்வி கேட்டார்கள்.

இதற்குச் சொல்லப்படும் எதிர்வாதத்தையும் நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். எதிரி பலமாக இருக்கும்போது உள்ளே குறை பேசினால் ஒற்றுமை குலையும் என்பார்கள். ஹேமர் 1963இல் வினோனா சிறையில் தன் உடலில் விழுந்த அடிகளை 1964இல் நாடு முழுவதும் தொலைக்காட்சியில் பார்க்கச் சொன்னபோது இயக்கம் பலவீனப்படவில்லை. ஒரு பெண்ணின் உடல் பட்ட பாடு ஒரு சமூகத்தின் சாட்சியமாயிற்று. நம் ஊரிலும் அதற்கு உதாரணம் உண்டு. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் வீதியில் அமர்ந்த தாய்மார், அதுவரை தனித்தனியாக முகாம்களுக்கும் ஆணைக்குழுக்களுக்கும் அலைந்தவர்கள். தன் பிள்ளை எங்கே என்ற கேள்வியை அவர்கள் எல்லோருடைய கேள்வியுமாக்கினார்கள். அதே மாதத்தில் கேப்பாப்பிலவின் பிலக்குடியிருப்பு மக்கள், விமானப்படை முகாமின் முன் இரவும் பகலும் இருந்து தம் காணியை மீட்டார்கள். முன்னணியில் நின்றவர்கள் பெண்களும் குழந்தைகளும். தனிப்பட்ட துயரத்தை வெளியே சொன்னதுதான் அவர்களை ஒன்றுசேர்த்தது.

40 ஏக்கரும் 7 பேர்ச்சும்

மலையக மக்களுக்கு வீடமைப்புத் திட்டங்களில் தரப்படும் காணி 7 பேர்ச். 200 ஆண்டு உழைப்புக்கு அது போதுமா என்ற கேள்வி ஒருபுறம் இருக்க, அந்த 7 பேர்ச்சும் பெரும்பாலானோருக்கு இன்னும் வரவில்லை. பயிர்செய்யத்தக்க காணி வேண்டும் என்ற கோரிக்கை புதியதல்ல. 1977 மேயில் டெவன் தோட்டத்தில், தோட்டக் காணிகள் பிறருக்குப் பிரித்துக் கொடுக்கப்படுவதை எதிர்த்துப் போராடி பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்த சிவனு லெட்சுமணன், அந்தக் கோரிக்கைக்காகவே உயிரைக் கொடுத்தார்.

வாக்குரிமைச் சட்டம் 1965இல் கிடைத்த பிறகு ஹேமர் ஓய்ந்துவிடவில்லை. வாக்குப் போடுபவரை முதலாளி பட்டினி போட முடியுமானால் அந்த வாக்குக்கு என்ன பலன் என்று கேட்டார். 1969இல் 40 ஏக்கருடன் விடுதலைப் பண்ணை என்ற கூட்டுறவைத் தொடங்கினார். அது 600 ஏக்கருக்கு மேல் வளர்ந்தது. உறுப்பினர்கள் உண்பதற்கான மரக்கறிகளும் விற்பதற்கான பருத்தியும் விளைந்தன. பன்றி வங்கி ஒன்றும் நடந்தது. குட்டி போட்ட குடும்பம் சில குட்டிகளைத் திருப்பிக் கொடுக்கும், அவை அடுத்த குடும்பத்துக்குப் போகும். ஆனால் 1970களின் நடுப்பகுதியில் வெள்ளம், வரட்சி, பணத்தட்டுப்பாடு எல்லாம் சேர்ந்து பண்ணையை மூடவைத்தன. ஹேமரும் 1977இல் இறந்தார்.

அந்தத் தோல்வியிலிருந்து நாம் கற்க வேண்டியது நிறைய. நிலம் மட்டும் கிடைத்தால் போதாது. நீர், பாதை, கடன்வசதி, சந்தை இல்லாத நிலம் மறுபடியும் கைமாறும். கைவிடப்பட்ட தேயிலை மலைகளைத் தொழிலாளரிடம் பராமரிக்கக் கொடுத்து கொழுந்தை மட்டும் வாங்கும் முறையைக் கம்பனிகள் சில காலமாக முன்வைக்கின்றன. அதில் செடியும் சுமையும் தொழிலாளிக்கு, உரிமையும் விலை நிர்ணயமும் கம்பனிக்கு என்றால், அது மிசிசிப்பியின் வாரமுறைக்கு இன்னொரு பெயராகிவிடும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்னர், காணி யார் பெயரில், எத்தனை ஆண்டுக்கு, சேமலாப நிதி தொடருமா என்ற மூன்று கேள்விகளையாவது தொழிலாளர் கேட்க வேண்டும். உறுதி கணவன், மனைவி இருவர் பெயரிலும் எழுதப்பட வேண்டும்.

2023 ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை, முன்னோர் நடந்த பாதையில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ‘மாண்புமிகு மலையக மக்கள்’ நடைபயணம் நடந்தது. பாதையின் முதற்பகுதி வடக்கில் இருந்தது. அந்த நடைபயணத்துக்குத் தண்ணீர் கொடுத்த கைகளுக்கு இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் மலையகத்திலிருந்து வந்த குடும்பங்களில் எத்தனை, தலைமுறைகள் கடந்தும் காணி ஆவணம் இல்லாமல் இருக்கின்றன என்பதைப் பிரதேச செயலக வாரியாகக் கேட்டுப் பட்டியலிட வேண்டும். அதற்குக் கொழும்பின் அனுமதி தேவையில்லை. உள்ளூராட்சி உறுப்பினர்களும், கிராம அபிவிருத்திச் சங்கங்களும், காணி விடுவிப்புக்காக நாம் ஏற்கெனவே அமைத்த குழுக்களும் இந்த மாதமே தொடங்கக்கூடிய வேலை இது.